ரஹீம் சார்: ரெண்டு தங்கம் வாங்கிக் கொடுத்த வாத்தியார்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்து 1951ல் ஆரம்பித்தது. முதல் தங்கம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? ஜப்பானுக்கா, ஈரானுக்கா? இல்லைங்க, இந்தியாவுக்கு. பதினொரு வருஷம் கழிச்சு, 1962ல், இன்னொரு தங்கமும் வந்தது. அதுவும் தென்கொரியாவை ஃபைனலில் அடிச்சு.

அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மூணாவது தங்கம் இன்னும் வரலை.

அந்த ரெண்டு தங்கத்துக்கும் பின்னாடி ஒரே ஒரு ஆள் இருந்தார். பெயர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்துக்காரர். வேலை ஸ்கூல் வாத்தியார். ஆட்டக்காரர்களுக்கு அவர் ரஹீம் சாப். நம்ம ஊர் வழக்கத்துல சொன்னா ரஹீம் சார். 2024ல் அஜய் தேவ்கன் நடிச்சு மைதான்னு ஒரு இந்திப் படம் வந்துச்சே, அது இவர் கதைதான். படம் பார்த்தவங்களும் பார்க்காதவங்களும் இதைப் படிக்கலாம். ஏன்னா ரஹீம் சாரோட வாழ்க்கையில், நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிக்கிறவங்க யோசிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அது படத்தோட கிளைமாக்ஸுக்கு அப்புறம் நடந்தது.

சாக்பீஸும் பந்தும்

ரஹீம் பிறந்தது 1909ல். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கேயே கல்லூரி அணியில் ஆடினார். படிப்பு முடிஞ்சதும் ஆசிரியர் வேலை. காச்சிகுடா, சாதர்காட் என்று ஹைதராபாத்தின் பள்ளிக்கூடங்களில் பாடம் எடுத்தார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமா வாங்கி, விளையாட்டுப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தார்.

1943ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரைக்கும் அந்தப் பொறுப்பில் இருந்தார். சங்கத்துச் செயலாளர்னா மேடையில மாலை வாங்கிட்டு உட்கார்ற வேலைன்னு நாம நினைப்போம். இவர் அதை ஒரு லேப் மாதிரி நடத்தினார்.

அந்தக் காலத்து இந்திய ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். ஒருத்தர் கிட்ட பந்து வந்தா அவர் விட மாட்டார். ரெண்டு பேரைத் தாண்டுவார், மூணாவது ஆள் கிட்ட மாட்டுவார். கூட்டம் கை தட்டும், கோல் விழாது. இதை எப்படி மாத்துறது? மைதானத்து ஓரமா நின்னு கத்தினா பழக்கம் போயிடுமா?

ரஹீம் சார் கத்தலை, விதியை மாத்தினார். சின்னப் பசங்களுக்கு டிரிபிளிங்கே கூடாதுன்னு ஒரு டோர்னமென்ட் நடத்தினார். பந்து வந்த உடனே அடுத்தவனுக்குத் தள்ளியாகணும். இன்னொரு டோர்னமென்ட்டில், பலவீனமான காலால் மட்டும்தான் ஆடணும். வலது கால் பழக்கம் உள்ளவன் இடது காலால அடிக்கணும். முதல் வாரம் பார்க்கவே சிரிப்பா இருந்திருக்கும். ஆனா சில சீசன் போனதும் ரெண்டு காலாலும் பாஸ் கொடுக்கத் தெரிஞ்ச ஒரு தலைமுறையே ஹைதராபாத்தில் உருவாச்சு. திறமையைப் பத்தி லெக்சர் எடுக்காம, திறமை தானா வர்ற மாதிரி சூழலை டிசைன் பண்ணின ஆள் அவர்.

1950ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. காக்கிச் சட்டைக்காரங்க அணி. அன்னைக்கு இந்தியக் கால்பந்துன்னாலே கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூணும்தான் ராஜா. அந்த 1950லயே ஹைதராபாத் போலீஸ் டூரண்ட் கோப்பை ஃபைனலில் மோகன் பகானைத் தோற்கடித்தது. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து அஞ்சு வருஷம் வேற யாருக்கும் விட்டுக் கொடுக்கலை. ஒரு ஊர்ப் போலீஸ் அணிங்க இது!

முதல் தங்கம்

1951 மார்ச்சில், டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. கால்பந்தில் மொத்தமே ஆறு அணிகள்தான். கோச் ரஹீம், கேப்டன் சைலேன் மன்னா. இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0. ஃபைனலில் ஈரானுக்கு எதிரா மேவாலால் அடிச்ச ஒரே கோல், 1-0. ஆசியக் கால்பந்தின் முதல் தங்கப் பதக்கம் நம்ம கழுத்துக்கு வந்தது.

நாடு குதூகலமாத்தான் இருந்துச்சு. ஆனா அடுத்த வருஷமே ஒரு அடி விழுந்தது.

பத்துக்கு ஒண்ணு

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக். எதிரணி யூகோஸ்லாவியா. ஸ்கோர் 10-1. ஒண்ணு நம்முது.

இங்க வெறுங்கால் விஷயத்தைச் சொல்லணும். அன்னைக்கு நம்ம ஆட்டக்காரர்கள் நிறைய பேர் பூட்ஸ் போடாமதான் ஆடினாங்க. அதுல ஒரு பெருமையும் இருந்துச்சு. 1911ல் மோகன் பகான் அணி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடிச்சப்போ பெரும்பாலானவங்க வெறுங்காலில்தான் ஆடினாங்க. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றாலும் கௌரவமான ஆட்டம். சாரங்கபாணி ராமன் அடிச்ச கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல். அதனால வெறுங்கால்ங்கறது வறுமை மட்டுமில்ல, நம்ம பாணின்னு ஒரு நம்பிக்கை.

ஹெல்சின்கியின் குளிரும் ஈரத் தரையும் அந்த நம்பிக்கையை உடைச்சது. ஆனா தோல்விக்குக் காரணம் கால் மட்டுமா? அந்த யூகோஸ்லாவியா கடைசியில் வெள்ளி வாங்கிய அணி. அவங்க டிஃபென்ஸில் ஆள் வைக்கிற முறையே வேற. நாம இன்னும் பழைய 2-3-5, அதாவது பின்னாடி ரெண்டே ரெண்டு பேக். முன்னாடி அஞ்சு பேர் ஓடிட்டு இருப்பாங்க. எதிராளி வேகமா வந்தா பின்னாடி ஆளே இருக்காது.

இந்த மாதிரி அடி வாங்கின பிறகு ஒரு கோச்சுக்கு ரெண்டு வழி உண்டு. குளிரைக் குறை சொல்லிட்டு ஊர் திரும்பலாம். இல்லைன்னா, ஒவ்வொரு கோலும் எங்கிருந்து வந்ததுன்னு உட்கார்ந்து பார்க்கலாம். ரஹீம் சார் ரெண்டாவது வழியில் போனார். ஹெல்சின்கிக்குப் பிறகு இந்திய அணிக்கு பூட்ஸ் கட்டாயம் ஆச்சு. டிஃபென்ஸில் மூணாவது ஆள் வந்தார். 1953ல் ஹங்கேரி அணி வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கினப்போ உலகமே ஒரு விஷயத்தைக் கவனிச்சது. அவங்க சென்டர் ஃபார்வர்டு முன்னாடி நிக்காம பின்னாடி இறங்கி வந்து ஆடினார். அவரைத் துரத்திட்டு டிஃபென்டர் போனா பின்னாடி பெரிய ஓட்டை விழும். ரஹீம் சார் அந்த உத்தியை எடுத்து நம்ம ஆட்களுக்கு ஏத்த மாதிரி மாத்தினார். அவர் படிப்படியா கொண்டு வந்த அமைப்பு 4-2-4 பக்கமா நகர்ந்தது. 1958 உலகக் கோப்பையில் பிரேசில் ஆடி உலகத்துக்கே பிரபலமாக்கின அமைப்பு அதுதான்.

மெல்போர்ன், 1956

மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம் ஹங்கேரியோட. அவங்க நாட்டுல அப்போ புரட்சியும் சோவியத் படையெடுப்பும். அதனால அந்த அணி வரலை, நாம நேரா காலிறுதிக்குப் போனோம். அங்கே எதிரில் நின்னது போட்டியை நடத்துற ஆஸ்திரேலியா. அவங்க மண்ணுலயே 4-2. நெவில் டிசௌசா மூணு கோல் அடிச்சார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடிச்ச முதல் ஆசியர் அவர்தான்.

அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. நாலு வருஷத்துக்கு முன்னாடி பத்து கோல் போட்ட அதே நாடு. இந்தத் தடவை முதல் கோல் நம்முது. நெவில்தான் அடிச்சார். அதுக்கப்புறம் அவங்க நாலு போட்டு 4-1 என்று ஜெயிச்சாங்கங்கறது வேற விஷயம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. நாலாவது இடம். ஒலிம்பிக்கில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி இந்தியா. பத்துக்கு ஒண்ணுல இருந்து இந்த இடத்துக்கு வர நாலே வருஷம்.

ஆள் தேடுற கண்ணு

ரஹீம் சாரோட பலம் போர்டில் வரையற அம்புக்குறி மட்டும் இல்லைங்க. ஆள் பார்க்கிறதுலயும் அவர் கில்லாடி.

செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன், துளசிதாஸ் பலராம். வீட்டில் கஷ்டம். ஆட்டத்தைப் பார்த்துட்டு ரஹீம் சார் பயிற்சிக்கு வரச் சொன்னார். ஹைதராபாத்துக்குத் தினமும் போய்வர பஸ் காசு கிடையாது. பையன் தயங்கினதும், அவனுக்கு வாடகை சைக்கிள் கிடைக்க ஏற்பாடு பண்ணினார் ரஹீம் சார். அந்தச் சைக்கிளில் வந்த பையன்தான் அதே 1956ல் மெல்போர்னுக்குப் போனார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிரா கோல் அடிச்சார். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம்னு மூணு பேரையும் சேர்த்துத்தான் இன்னைக்கும் சொல்லுவாங்க. இந்தியாவின் மிகச் சிறந்த ஃபார்வர்டு கூட்டணி அது.

இன்னொருத்தர் நமக்குப் பக்கத்துல இருந்தே போனவர். ஈரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம் போய், மலை ஏறி குன்னூரைத் தொட்டா வெலிங்டன். அங்கே இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் 1955லயும் 1958லயும் டூரண்ட் கோப்பை வாங்கின அணி. அந்த ராணுவ முகாமில் வளர்ந்த ஆட்டக்காரர் பீட்டர் தங்கராஜ். நல்ல உயரம். முதலில் ஃபார்வர்டா ஆடி, அப்புறம் கோல்கீப்பர் ஆனவர். அடுத்த தடவை ஊட்டிக்கு டூர் போறப்போ வெலிங்டனைத் தாண்டும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க, ஆசியத் தங்கத்தைக் காப்பாத்தின கைகள் பழகின இடம் அது.

ரோமில் ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றோம். பிரான்ஸோடு 1-1 டிரா. பெருவிடம் 3-1 தோல்வி. குரூப்பைத் தாண்டலை. ஆனா அந்த அணியோட முதுகெலும்பு அப்படியே இருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஜகார்த்தா.

ஒரு லட்சம் பேர் எதிராக

நடுவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம்ம நிலைமை அவ்வளவு நல்லா இல்லை. 1954 மணிலாவில் குரூப்போடு வெளியே. 1958 டோக்கியோவில் நாலாவது இடம். அதனால 1962ல் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமதான் அணி கிளம்புச்சு. ரஹீம் சார் உடம்பும் சரியில்லை. நுரையீரல் புற்றுநோய் அவரை உள்ளே அரிச்சுக்கிட்டிருந்த காலம் அது.

முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயிச்சாலும் அதுல ஒரு விலை கொடுக்க வேண்டி வந்தது. டிஃபென்ஸின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போடற அளவுக்கு. ஜப்பானை 2-0 என்று முடிச்சு அரையிறுதிக்குள் நுழைஞ்சாச்சு. ஆனா ஜர்னைல் தலையில் கட்டோட நிக்கிறார். டிஃபென்ஸில் நின்னு வர்ற பந்தையெல்லாம் தலையால முட்டித் தள்ள முடியாது. வெளியே உட்கார வைக்கணும்னுதான் எந்த கோச்சும் நினைப்பார்.

ரஹீம் சார் அவரைத் தூக்கி முன்னாடி வெச்சார். டிஃபென்டரை சென்டர் ஃபார்வர்டா மாத்தினார். ஜர்னைல் சின்ன வயசில் ஃபார்வர்டா ஆடினவர்ங்கறதை அவர் மறக்கலை. டிஃபென்ஸின் நடுவை அருண் கோஷ் பார்த்துக்கிட்டார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று ஜெயிச்சோம். தலையில் கட்டோட ஆடின ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இதுக்கிடையே மைதானத்துக்கு வெளியே வேற ஒரு தீ. போட்டியை நடத்தின இந்தோனேசியா, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா கொடுக்கலை. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் மூத்த நிர்வாகி ஜி.டி. சோந்தி இந்தியர். ரெண்டு நாட்டைத் தடுத்துட்டு இதை ஆசியப் போட்டின்னு சொல்லக்கூடாதுன்னு அவர் எதிர்த்தார். உடனே ஜகார்த்தா தெருவில் இந்திய எதிர்ப்பு வெடிச்சது. இந்தியத் தூதரகத்தை ஒரு கும்பல் தாக்கியது. நம்ம ஆட்டக்காரர்கள் போற பஸ்ஸில் அடையாளம் தெரியக்கூடாதுன்னு கொடியை எடுத்துட்டுத்தான் பயணம் பண்ணினாங்க.

1962 செப்டம்பர் 4, ஃபைனல். செனாயன் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இந்திய தேசிய கீதத்துக்கே கூச்சல். பந்து நம்ம காலுக்கு வந்தாலே ஊளை. நமக்குன்னு கை தட்டினது விரல் விட்டு எண்ணற கூட்டம்தான். அதுல பாகிஸ்தான் ஹாக்கி அணியும் இருந்தாங்கன்னு நம்ம ஆட்டக்காரர்கள் பின்னாளில் நன்றியோட சொல்லியிருக்காங்க. முந்தின நாள்தான் ஹாக்கி ஃபைனலில் அவங்க நம்மைத் தோற்கடிச்சிருந்தாங்க!

ஃபைனலுக்கு முந்தின ராத்திரி ரஹீம் சார் ஆட்டக்காரர்களிடம் பெருசா எதுவும் பேசலை, தங்கத்தைத் தனக்கு ஒரு பரிசாக் கேட்டார் என்று அந்த அணிக்காரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கூடவே ஒரு கணக்கும் போட்டு வெச்சிருந்தார். முந்தைய ஆட்டங்களில் கோல்கீப்பரா நின்னது பிரத்யுத் பர்மன். நல்லாவும் ஆடினார். ஆனா கொரியர்கள் உயரமான பந்துகளை நம்பி ஆடுறவங்க. அதனால காய்ச்சலில் இருந்து எழுந்த, உயரமான தங்கராஜை ஃபைனலில் இறக்கினார்.

முதல் இருபது நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல். ஒண்ணு பி.கே. பானர்ஜி, இன்னொண்ணு ஜர்னைல் சிங். ஒரு லட்சம் பேர் கொஞ்சம் கொஞ்சமா அடங்கினாங்க. கடைசி நேரத்தில் கொரியா ஒண்ணு திருப்பினாலும் அதுக்கு மேல தங்கராஜ் விடலை. 2-1. கேப்டன் சுனி கோஸ்வாமி. குரூப்பில் எந்த அணியிடம் தோத்தமோ, அதே அணியை ஃபைனலில் ஜெயிச்சு இந்தியா மறுபடியும் ஆசியாவின் நம்பர் ஒன்.

அதுக்கப்புறம்

ஒன்பது மாசம்தான். 1963 ஜூன் 11 அன்று ரஹீம் சார் இறந்தார். வயசு 53.

அதே 1963ல் பலராமும் உடல்நலம் கெட்டு ஆட்டத்தை விட்டார். இருபத்தாறு, இருபத்தேழு வயசுதான் இருக்கும். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா ரெண்டாவது இடம். அது பழைய எஞ்சின் நின்ன பிறகும் வண்டி கொஞ்ச தூரம் உருண்ட மாதிரி. 1964 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறலை. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் தகுதி பெறலை. 1960 ரோம்தான் கடைசி. 1966 ஆசிய விளையாட்டில் குரூப்போடு வெளியே. 1970 பாங்காக்கில் ஒரு வெண்கலம். அதுதான் இந்தப் போட்டியில் நமக்குக் கிடைச்ச கடைசிக் கால்பந்துப் பதக்கம்.

ஒரு மனுஷன் போனதுக்கா இவ்வளவு சரிவு? அது மட்டும் காரணம் இல்லைதான். ஜப்பானும் கொரியாவும் அந்தக் காலத்தில் அசுர வேகத்தில் வளர்ந்தாங்க. ஜப்பான் ஜெர்மனியிலிருந்து கோச்சை வரவழைச்சு, 1965லயே தேசிய லீக் ஆரம்பிச்சு, 1968 ஒலிம்பிக்கில் வெண்கலமே வாங்கிட்டாங்க. நமக்கு அப்படி ஒரு தேசிய லீக் 1996லதான் வந்துச்சு.

நாம கவனிக்க வேண்டியது இங்கதான் இருக்கு. ரஹீம் சார் செஞ்சதும் ஜப்பான் செஞ்சதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. சின்ன வயசில் பிடிக்கிறது, அடிப்படையைப் பழக்குறது, உலகத்தில் என்ன நடக்குதுன்னு பார்த்து மாத்திக்கிறது. வித்தியாசம் என்னன்னா, ஜப்பானில் அந்த வேலையை ஒரு அமைப்பு செஞ்சது. இங்கே ஒரு வாத்தியார் செஞ்சார். பலவீனக் கால் டோர்னமென்ட் அவரோடது. சைக்கிள் ஏற்பாடு அவரோடது. ஜர்னைலை முன்னாடி தள்ளலாம்ங்கற தைரியமும் அவரோடது. அவருக்கு அப்புறம் அதை யார் தொடர்ந்து செய்யணும்னு எந்தச் சங்கமும் எழுதி வைக்கலை. பி.கே. பானர்ஜி மாதிரி சீடர்கள் பின்னாளில் பெரிய கோச் ஆனாங்க, உண்மைதான். ஆனா அந்தச் சீடர்களை உருவாக்கின பட்டறை திரும்ப வரலை. இந்திய அணிக்கு ஆள் கொடுத்துட்டே இருந்த ஹைதராபாத் கால்பந்து அப்படியே வாடிப் போச்சு.

நெட்வொர்க் கிளாஸில் சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்னு படிக்கிறோமே, அதேதான். எல்லா லைனும் ஒரே நோடு வழியாப் போனா, அந்த நோடு எவ்வளவு பிரமாதமா இருந்தாலும், அது நின்ன அன்னைக்கு எல்லாமே நிக்கும். தப்பு அந்த நோடு மேல இல்லை. ரெண்டாவது ஒண்ணு போடாம விட்ட டிசைன் மேல.

நம்ம காலேஜ்ல இதை வருஷா வருஷம் பார்க்கலாம். நல்ல ஃபைனல் இயர் சீனியர் இருக்கிற வரைக்கும் டீம் ஜெயிக்கும், ரோபோ ஓடும், சிம்போசியம் களைகட்டும். அவர் கேம்பஸை விட்டுப் போனதும் அடுத்த பேட்ச் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். கிட் பேக் எங்கே இருக்குன்னுகூட யாருக்கும் தெரியாது.

ஃபுட்பால் டீம் அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷ இன்டர் டிபார்ட்மெண்ட் மேட்ச்ல ஒண்ணை, பலவீனக் காலால் மட்டும் ஆடுற மேட்ச்சா வெச்சுப் பாருங்க. சிரிச்சுட்டு ஆடலாம், கத்துக்கவும் செய்யலாம். அப்படியே என்ன பயிற்சி பண்ணினீங்க, எது வேலை செஞ்சது, எது செய்யலைன்னு ஒரு நோட்டில் எழுதி செகண்ட் இயர் பசங்க கையில் கொடுத்துட்டுப் போங்க. ரஹீம் சாருக்கு இதைவிட நல்ல அஞ்சலி வேற என்ன இருக்க முடியும்?